அரங்க ஒலிக்குறிக் கணினிகளின் ஒத்தியக்கம்

அரங்க ஒலிக்குறிக் கணினிகளின் ஒத்தியக்கம் என்பது மேடை நாடகம், இசை நாடகம், நடனம் முதலிய நிகழ்த்து கலைகளில் ஒலிகளை இயக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளை ஒரு வலையமைப்பின் வழியாக ஒரே நிலையில் வைத்திருப்பது ஆகும். ஒரு கணினியில் பொத்தானை அழுத்தினால் மற்றக் கணினியும் அதே ஒலியை அதே கணத்தில் தொடங்க வேண்டும் என்பது இதன் எளிய விளக்கம். எனினும் நேரத்தை ஒப்பமாக வைத்திருத்தல் இதில் ஒரு பகுதி மட்டுமே. நாடகம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் எல்லாக் கணினிகளையும் உடன்படச் செய்வதே இத்தகைய மென்பொருளின் கடினமான பகுதியாகும்.

ஒலிக்குறி

நாடகத்தில் குறித்த ஒரு தருணத்தில் நிகழ வேண்டிய செயல் ஆங்கில அரங்க வழக்கில் கியூ எனப்படுகிறது. அது ஒலி தொடர்பானதாக இருக்கையில் இக்கட்டுரையில் ஒலிக்குறி என வழங்கப்படுகிறது. இடி முழங்குதல், தொலைபேசி மணி அடித்தல், பின்னணி இசை மெல்ல அடங்குதல் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஒலிக்குறி. இவை ஒத்திகைக் காலத்தில் எண்ணிடப்படுகின்றன. 42க்கும் 43க்கும் இடையில் புதிதாக ஒன்று தேவைப்பட்டால் அதற்கு 42.5 என்று எண் இடுவர். பின்னால் உள்ள எல்லா எண்களையும் மாற்றினால் மேடை மேலாளரின் பனுவலில் உள்ள குறிப்புகள் அனைத்தும் பிழையாகிவிடும் என்பதே காரணம்.

நிகழ்ச்சியின்போது மேடை மேலாளர் பனுவலைப் பின்பற்றிச் சென்று, உரிய இடத்தில் தலையணி பேசியின் வழியாக "ஒலி 42, கோ" என்று சொல்கிறார். ஒலியை இயக்குபவர் உடனே பொத்தானை அழுத்துகிறார். அரசன் எனப் பொருள்படும் தமிழ்ச் சொல்லுக்கும் இந்தக் "கோ"வுக்கும் தொடர்பில்லை. ஆயினும் அரங்கில் இதுவும் மறுக்கப்படாத ஆணைதான். தற்செயலாக அச்சொல் காதில் விழுந்து யாரேனும் பொத்தானை அழுத்திவிடக் கூடாது என்பதற்காக, பிற பேச்சில் அதைத் தவிர்ப்பது வழக்கம்.

முற்காலத்தில் ஒலிக்குறிகள் காந்த நாடாவில் பதிவு செய்யப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் நிறமுள்ள வெற்று நாடா ஒட்டப்பட்டிருக்கும். பின்னர் குறுந்தட்டும் மினிடிஸ்க்கும் வந்தன. இன்று இப்பணியைப் பெரும்பாலும் மென்பொருட்கள் செய்கின்றன. மேக் கணினிகளில் இயங்கும் கியூலேப், கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் ஷோ பிளேயர் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள்

முதற்காரணம் பழுது. நாடகத்தை நடுவில் நிறுத்திக் கணினியை மீளத் தொடங்க இயலாது. எனவே முதன்மைக் கணினியுடன் அதே கோப்புகளைக் கொண்ட காப்புக் கணினி ஒன்றும் இணையாக ஓடுகிறது. இரண்டின் ஒலியும் ஒரு மாற்றியை வந்தடைகின்றன. அதில் ஒன்றின் ஒலி மட்டுமே ஒலிபெருக்கிகளுக்குச் செல்கிறது. முதன்மைக் கணினி நின்றுபோனால் மாற்றியைத் தட்டினால் போதும். பார்வையாளர் எதையும் உணராதிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் பணிப் பகிர்வு. ஒலியை ஒரு கணினியும், திரையில் விழும் நிகழ்படத்தை மற்றொரு கணினியும், விளக்குகளை ஒளிக் கட்டுப்பாட்டு மேசையும் இயக்கும் நாடகங்கள் பல உள்ளன. துப்பாக்கி வெடிக்கும் ஒலியும் ஒளிக்கீற்றும் சேர்ந்து வர வேண்டுமெனில் இவை ஒன்றுடன் ஒன்று பேசியாக வேண்டும்.

தேவைப்படும் துல்லியம்

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது எந்தக் கணினிகளை ஒத்தியக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர். மேடையிலிருந்து 17 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு எல்லா ஒலியும் 50 மில்லிநொடி தாமதமாகவே வந்து சேர்கிறது. எனவே ஒளியும் ஒலியும் 20 மில்லிநொடி விலகினாலும் பொதுவாக எவரும் கவனிப்பதில்லை.

ஒரே ஒலியை இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பார்வையாளருக்குக் கேட்கச் செய்தால் நிலைமை வேறு. 1949 இல் ஹெல்முட் ஹாஸ் தம் முனைவர் பட்ட ஆய்வில், சிறு இடைவெளியில் வரும் இரண்டு ஒத்த ஒலிகளை மனிதச் செவி ஒன்றாகவே கேட்கிறது என்றும், முதலில் வந்த திசையிலிருந்தே ஒலி வருவதாக உணர்கிறது என்றும் காட்டினார். இடைவெளி சில பத்து மில்லிநொடிகளைத் தாண்டினால் எதிரொலி தனியே கேட்கத் தொடங்கும். அதற்குக் குறைவான இடைவெளியிலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு மில்லிநொடி விலகலில் 500 எர்ட்சு, 1500 எர்ட்சு, 2500 எர்ட்சு அதிர்வெண்களில் இரு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இசை குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். இந்த அளவுத் துல்லியத்தை வலையமைப்பில் செய்தி அனுப்பி மட்டும் பெற முயல்வது வீண்வேலை. அவ்வாறான ஒலிகளை ஒரே கணினியின் ஒரே ஒலி அட்டையிலிருந்து எடுப்பதே சரியான வழி.

காப்புக் கணினியைப் பொறுத்தவரை இரண்டில் ஒன்றே கேட்கப்படுவதால் 50 மில்லிநொடி விலகலும் பொறுக்கத்தக்கதே. அது தவறான ஒலிக்குறியில் நிற்பதுதான் பொறுக்க முடியாதது.

நெறிமுறைகள்

1980களில் இசைக்கருவிகளை இணைக்க உருவான மிடி இடைமுகம் நொடிக்கு 31,250 பிட்டுகளை அனுப்புகிறது. தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 10 பிட்டுகள். ஆகவே ஒரு பைட்டுக்கு 0.32 மில்லிநொடி ஆகும். அரங்கக் கருவிகளுக்கான மிடி ஷோ கன்ட்ரோல் என்னும் நீட்சி 1991 இல் ஏற்கப்பட்டது. கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த சார்லி ரிச்மண்ட் இதன் உருவாக்கத்தை வழிநடத்தினார். 42 ஆம் ஒலிக்குறியைத் தொடங்கு என்னும் ஆணை இதில் 9 பைட்டுகள் கொண்டது. எனவே கம்பியில் செல்ல 2.88 மில்லிநொடி எடுக்கும். ஒலிக்குறி எண் இதில் எழுத்துகளாகவே அனுப்பப்படுவதால் 42.5 போன்ற எண்களுக்கும் இடமுண்டு. எண்ணே குறிப்பிடாமல் "கோ" மட்டும் அனுப்பவும் இந்நெறிமுறை இடமளிக்கிறது. அவ்வாறு அனுப்பினால் பெறும் கருவி தன் வரிசையில் அடுத்துள்ளதைத் தொடங்கும். இவ்வசதியைப் பற்றிப் பின்னர் விரிவாகக் காணலாம்.

ஓபன் சவுண்ட் கன்ட்ரோல், சுருக்கமாக ஓ.எஸ்.சி., கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் மேத்யூ ரைட், ஏட்ரியன் ஃபிரீட் ஆகியோரால் 1997 இல் அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் 1.0 வரையறை 2002 இல் வெளிவந்தது. இணைய முகவரியைப் போலச் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட பெயர்களைக் கொண்டு இது கருவியின் உறுப்புகளைச் சுட்டுகிறது. இதனால் செய்தியை மனிதர் படித்தே புரிந்துகொள்ளலாம்; வழுக்களைத் தேடும்போது இது பெரும் உதவி. கியூலேப் மென்பொருள் 53000 என்னும் போர்ட்டில் இச்செய்திகளுக்குக் காத்திருக்கிறது.

ஓ.எஸ்.சி. செய்திகள் பெரும்பாலும் யு.டி.பி. பொதிகளாக அனுப்பப்படுகின்றன. யு.டி.பி. விரைவானது, ஆனால் பொதி சென்று சேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. டி.சி.பி. தொலைந்த பொதியை மீண்டும் அனுப்பும், வரிசையையும் காக்கும். எனினும் அதிலும் ஒரு கண்ணி உண்டு. சிறு சிறு பொதிகளால் வலையமைப்பு நிரம்புவதைத் தடுக்க 1984 இல் ஜான் நேகல் ஒரு படிமுறையை முன்வைத்தார். முன்பு அனுப்பியதற்கு ஒப்புதல் வராத வரை அடுத்த சிறு செய்தியை அது நிறுத்தி வைக்கும். பெறும் கணினியோ ஒப்புதலைச் சற்றுத் தாமதித்து அனுப்பும் வழக்கம் உடையது. சில இயங்குதளங்களில் இத்தாமதம் 200 மில்லிநொடி வரை செல்லும். இரண்டும் சேரும்போது, அடுத்தடுத்து அழுத்தப்பட்ட இரு ஒலிக்குறிகளில் இரண்டாவது காரணமின்றிப் பிந்துவது போலத் தோன்றும். ஒற்றை அழுத்தலைக் கொண்டு சோதித்தவருக்கு இவ்வழு தென்படாது. இணைப்பை உருவாக்கும்போதே நேகல் படிமுறையை அணைத்துவிடுவது இதற்கான தீர்வு.

"அடுத்தது" என்னும் ஆணை

முதன்முறையாக இம்மென்பொருளை எழுதுவோர் பெரும்பாலும் செய்வது, முதன்மைக் கணினியில் பொத்தான் அழுத்தப்பட்டவுடன் "கோ" என்ற செய்தியைக் காப்புக் கணினிக்கும் அனுப்புவதாகும். இரண்டும் ஒரே பட்டியலை வைத்திருப்பதால் இரண்டும் ஒரே வரிசையில் முன்னேறும் என்பது எதிர்பார்ப்பு. முதல் அங்கத்தில் ஒரே ஒரு பொதி தொலைந்தால் காப்புக் கணினி ஓர் இடம் பின்தங்கும். அதன் பிறகு வரும் செய்திகள் அனைத்தும் ஒழுங்காகச் சேர்ந்தாலும் நாடகம் முடியும் வரை அது பின்தங்கியே இருக்கும். அதன் ஒலி எவருக்கும் கேட்காததால் எவரும் அறியார். முதன்மைக் கணினி நின்று மாற்றியைத் தட்டும்போதுதான், இழவு வீட்டுக் காட்சியில் மணமேளம் கேட்கும்.

டி.சி.பி. பயன்படுத்தினால் பொதி தொலையாது என்பது உண்மை. ஆனால் எல்லாப் பொதிகளும் சேர்ந்த பின்னும் இரு கணினிகள் விலகிச் செல்லலாம். அவசரத்தில் பொத்தானை இருமுறை அழுத்திவிடுவதைத் தடுக்க, இரு அழுத்தல்களுக்கு இடையே குறைந்தது அரை நொடி இருக்க வேண்டும் என்பது போன்ற காப்பு விதி பல மென்பொருட்களில் உண்டு. இயக்குபவர் 510 மில்லிநொடி இடைவெளியில் இருமுறை அழுத்துகிறார் எனக் கொள்வோம். முதன்மைக் கணினி இரண்டையும் ஏற்கும். முதற்செய்தி வலையமைப்பில் 20 மில்லிநொடி தாமதித்து, இரண்டாவது 2 மில்லிநொடியில் சேர்ந்தால், காப்புக் கணினி காணும் இடைவெளி 492 மில்லிநொடி. அது இரண்டாவதைத் தள்ளிவிடும். இரு கணினிகளும் ஒரே மென்பொருளை, ஒரே விதியை, பிழையின்றி இயக்கியும் முடிவுகள் வேறாகிவிட்டன.

ஆகவே அனுப்ப வேண்டியது பொத்தான் அழுத்தம் அன்று. அதன் விளைவாக எடுக்கப்பட்ட முடிவு. அழுத்தலை ஏற்பதா, தள்ளுவதா, எந்த ஒலிக்குறியைத் தொடங்குவது என்பவற்றை ஓரிடத்தில் மட்டுமே தீர்மானித்து, "ஆணை 118: 42.5ஐத் தொடங்கு, அடுத்து நிற்க வேண்டிய இடம் 43" என்பது போன்ற முழுமையான செய்தியை அனுப்ப வேண்டும். இதைப் பெறும் கணினி தானாக எதையும் ஊகிப்பதில்லை. ஆணை 117 தொலைந்திருந்தாலும் 118 வந்தவுடன் அது சரியான இடத்துக்கு வந்துவிடும். அதே செய்தியை மும்முறை அனுப்பினாலும் தீங்கில்லை. ஆணை எண்ணைப் பார்த்து மீள்வரவுகளைப் புறக்கணிக்கலாம். யு.டி.பி.யின் குறையை இவ்வாறு எளிதில் ஈடுசெய்யலாம்.

செய்தியின் இரண்டாம் பாதியும் முதற்பாதி அளவுக்கு இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, கியூலேப்பில் எண்ணைச் சுட்டி ஓர் ஒலிக்குறியைத் தொடங்கினால் அது ஒலிக்கும். ஆனால் பட்டியலில் அடுத்தது எது என்பதைக் காட்டும் சுட்டி நகராது. காப்புக் கணினி நாடகம் முழுவதும் சரியாக ஒலித்துக்கொண்டிருக்கும். மாற்றியைத் தட்டி, அதன் முன் அமர்ந்து பொத்தானை அழுத்தினால் முதல் ஒலிக்குறி தொடங்கும். சுட்டியை நகர்த்தும் ஆணையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

பிந்தி வரும் செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டு நொடி கழித்து வந்து சேர்ந்த இடிமுழக்கத்தை அப்போது ஒலிக்கக் கூடாது. சுட்டியை மட்டும் நகர்த்த வேண்டும். மூன்று நிமிடப் பாடலாயின் எட்டாம் நொடியிலிருந்து தொடங்க வேண்டும். மழை ஒலியாயின் எங்கிருந்து தொடங்கினாலும் யாருக்கும் தெரியாது. இவ்வேறுபாட்டைக் கணினி தானாக அறியாது. ஒலி வடிவமைப்பாளர் ஒவ்வொரு ஒலிக்குறிக்கும் குறித்துவைக்க வேண்டும்.

கடிகாரங்கள்

செய்தி எப்போது புறப்பட்டது என்பதை அறிய இரு கணினிகளின் கடிகாரங்களும் ஒப்பிடப்பட வேண்டும். டேவிட் மில்ஸ் 1985 முதல் உருவாக்கிய என்.டி.பி. நெறிமுறையில் உள்ள முறையே இங்கும் பயன்படுகிறது. முதற்கணினி தன் கடிகாரத்தில் 1000 மில்லிநொடி இருக்கையில் ஒரு கேள்வியை அனுப்புகிறது. மற்றக் கணினி தன் கடிகாரப்படி 5012இல் பெற்று 5013இல் விடை அனுப்புகிறது. விடை முதற்கணினியை 1005இல் வந்தடைகிறது. போக வர ஆன நேரம் 5 மில்லிநொடி. அதில் 1 மில்லிநொடி மற்றக் கணினியில் கழிந்தது. எஞ்சிய 4இல் பாதி போகவும் பாதி வரவும் ஆயிற்று எனக் கொண்டால் கடிகாரங்களின் வேறுபாடு 4010 மில்லிநொடி. பாதிப்பாதி என்ற எடுகோள் தவறானாலும் பிழை 2 மில்லிநொடியை மிஞ்சாது. பலமுறை கேட்டு, போக வரக் குறைந்த நேரம் எடுத்த விடையை மட்டும் நம்புவது நல்ல பழக்கம்.

இதற்கு நாட்காட்டி நேரத்தைக் காட்டும் கடிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது. யாரேனும் அதைத் திருத்தினால் நேரம் பின்னோக்கிக் குதிக்கும். கணினி தொடங்கியது முதல் முன்னோக்கி மட்டுமே ஓடும் கடிகாரம் ஒன்றை எல்லா இயங்குதளங்களும் தருகின்றன.

வேறுபாட்டை அறிந்த பின், "இப்போதே தொடங்கு" என்பதற்குப் பதில் "30 மில்லிநொடிக்குப் பின் வரும் இன்ன கணத்தில் தொடங்கு" என்று ஆணையிடலாம். செய்தி 5 மில்லிநொடியில் சேர்ந்தாலும் 20இல் சேர்ந்தாலும் இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கும். ஓ.எஸ்.சி. வரையறையில் இதற்கென 64 பிட்டு நேரக்குறி உள்ளது. விலை என்னவெனில், ஒவ்வொரு ஒலிக்குறியும் 30 மில்லிநொடி பிந்துகிறது. நடிகர் கன்னத்தில் அறையும் ஒலியை இயக்குபவருக்கு இத்தாமதம் விரலிலேயே தெரியும். அவர் அதை விரும்பமாட்டார். கேட்கப்படாத காப்புக் கணினிக்காக, கேட்கப்படும் கணினியைத் தாமதிப்பது தவறான பேரம் ஆகும். எனவே இம்முறை ஒலியுடன் நிகழ்படத்தை இணைப்பது போன்ற இடங்களுக்கே ஏற்றது.

ஒரே கணத்தில் தொடங்கினாலும் ஒரே வேகத்தில் ஓடும் என்பதில்லை. ஒலி அட்டையின் வேகத்தைத் தீர்மானிக்கும் குவார்ட்சுப் படிகங்கள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். பத்து லட்சத்தில் 40 பங்கு வேறுபாடு இருந்தால் ஒரு மணி நேரத்தில் 144 மில்லிநொடி விலகும். ஐந்து நிமிடப் பாடலில் இது 12 மில்லிநொடிதான். நீண்ட நிகழ்படத்துக்கு இது போதாது. அங்கே இரு ஒலி அட்டைகளையும் ஒரே கடிகாரக் குறிகைக்குக் கட்டுப்படுத்த வேண்டும். டான்டே, 2013 இல் வெளிவந்த ஏ.இ.எஸ். 67 ஆகிய வலையமைப்பு ஒலி முறைகள் ஐ.இ.இ.இ. 1588 எனப்படும் துல்லிய நேர நெறிமுறையால் இதைச் செய்கின்றன.

கோப்புகள்

மாலை ஒத்திகையில் முதன்மைக் கணினியில் மட்டும் ஒரு பாடலை மாற்றிவிட்டுக் காப்புக் கணினியை மறந்துவிடுவது அடிக்கடி நேரும். ஒவ்வொரு ஒலிக்கோப்புக்கும் ஒரு சுருக்கக் குறியீட்டைக் கணித்து, அரங்கம் திறக்கும் முன் இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் சிவப்பில் காட்டுவது மென்பொருளின் கடமை.

பெயரை மட்டும் ஒப்பிடுவது போதாது. தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளில் இது தெளிவாகத் தெரியும். ஒருங்குறியில் "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வேறு இயங்குதளத்துக்குப் படியெடுத்தால் "கொட்டு" என்னும் கோப்பு கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும். ஒப்பிடும் முன் இரு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இணைப்பு அறுந்தால்

காப்புக் கணினிக்குச் செய்தி வரவில்லை என்றால், முதன்மைக் கணினி நின்றுவிட்டதா அல்லது கம்பி மட்டும் கழன்றதா என்பதை அதனால் அறிய இயலாது. நொடிக்குப் பலமுறை அனுப்பப்படும் இதயத்துடிப்புச் செய்திகள் இணைப்பு அறுந்ததை உடனே காட்டும். எது நின்றது என்பதைக் காட்டா. நம்பகமற்ற வழியில் செய்தி பரிமாறும் இருவர் உறுதியான உடன்பாட்டுக்கு வர முடியாது என்பது 1975 முதல் கணினியியலில் அறியப்பட்டது. இரு படைத்தலைவர்கள் சிக்கல் என்று இது பெயர் பெற்றது.

வங்கி மென்பொருளாயின் உடன்பாடு இல்லாதபோது பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிடலாம். அரங்கில் நிறுத்துவதே மிகப் பெரிய பிழை. எனவே ஒவ்வொரு கணினியும் தனித்து இயங்கும் திறனுடன் இருக்க வேண்டும். முதன்மைக் கணினி எந்த ஒப்புதலுக்கும் காத்திராமல் ஒலியைத் தொடங்க வேண்டும். மாற்றியைத் தட்டும் முடிவை மனிதரிடமே விட்டுவிடுவது நன்று. தானாக மாறும் அமைப்புகள் உள்ளன. ஆனால் மூன்றாம் காட்சியின் நீண்ட அமைதியை அவை பழுது என்று எண்ணாதிருக்க, ஒலியின் இருப்பை அன்றி ஒலி அட்டை தொடர்ந்து அனுப்பும் ஓர் அடையாளக் குறிகையை அவை கண்காணிக்க வேண்டும்.

வெடிபொருள், நகரும் மேடை, பறக்கும் நடிகர் ஆகியவற்றுக்கு இவ்விதி தலைகீழானது. அங்கே உறுதி இல்லையென்றால் எதுவும் நடக்கக் கூடாது. மிடி ஷோ கன்ட்ரோலின் 1.1 பதிப்பில், பெறும் கருவி தான் ஆயத்தம் என்று விடையளித்த பின்னரே செயலைத் தொடங்கும் இரு கட்ட உடன்பாட்டு முறை சேர்க்கப்பட்டது. அதனுடனும் அவசர நிறுத்தப் பொத்தான் வலையமைப்பைச் சாராத தனிக் கம்பியில் இருக்க வேண்டும். ஒலிக்குறிக் கணினியிலிருந்து வரும் செய்தி ஒன்றே ஒருவர் தலைக்கு மேல் உள்ள பொறியை நகர்த்தப் போதுமானதாக இருக்கக் கூடாது.

சோதித்தல்

இம்மென்பொருளைச் சோதிக்கும் சிறந்த கருவி கையால் கழற்றக்கூடிய வலையமைப்புக் கம்பி. ஓர் ஒலி மங்கிக்கொண்டிருக்கும்போது கழற்றி, நான்கு ஒலிக்குறிகள் கழித்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். காப்புக் கணினி சுட்டியை மட்டும் சரி செய்துகொண்டால் போதாது. இடையில் தவறிய ஆணைகளில் ஒன்று மழையின் ஒலியளவைக் குறைத்திருக்கலாம். அதை அறியாத காப்புக் கணினி சரியான இடத்தில் நின்றபடி மழையை முழு ஒலியில் பெய்துகொண்டிருக்கும். எனவே மீண்டும் இணையும்போது முதன்மைக் கணினி தன் முழு நிலையையும், அதாவது எவை ஒலிக்கின்றன, எந்த நொடியில் இருக்கின்றன, எந்த அளவில் ஒலிக்கின்றன என்பவற்றை அனுப்ப வேண்டும்.

கம்பியில்லா இணைப்பு வெற்று அரங்கில் குறையின்றி வேலை செய்யும். நாடகத்தன்று நூற்றுக்கணக்கான கைபேசிகள் அதே அலைவரிசையைப் பகிர்கின்றன. மனித உடல்களும் அலைகளை உறிஞ்சுகின்றன. ஆகவே ஒத்திகையில் கிடைத்த தாமத அளவுகளை முதல் நாள் நிகழ்ச்சிக்குப் பொருத்திப் பார்க்க இயலாது.